மலைப்பக்கம், பள்ளத்துப்பக்கம்

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவளின் நெற்றியில் மூன்றாவது முறையாக ஆயில் சொட்டியது. ஒரு கையில் ஸ்பானர், மறு கையில் ஹோஸின் கழுத்து. இரண்டில் எதை விட்டாலும் காலையிலிருந்து பட்ட பாடு வீண் என்பதால் சொட்டு புருவத்தில் இறங்கிக் காதுப்பக்கம் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "இன்னும் கால் சுத்து," என்றார் வண்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக். கீழே கிடந்தவளுக்கு அவர் முகம் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அவருடைய இரண்டு பாதங்கள்தான். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. காலையில் கணுக்காலோடு நின்றிருந்த வீக்கம் இப்போது அதற்குமேல் இரண்டு விரல் ஏறியிருந்தது. அவர் சொன்ன கால் சுற்றைச் சுற்றி முடித்த பிறகும் அவள் உடனே வெளியே வரவில்லை, அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் அவளுடைய கணவர். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. புதன்கிழமையும் சனிக்கிழமையும் டவுன் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் படுக்கவைத்து, உடம்பிலுள்ள ரத்தத்தை மெஷினுக்குள் விட்டுக் கழுவித் திருப்பி அனுப்புவார்கள். இடைப்பட்ட நாட்களில் அவர் குடிக்கும் தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. முதலில் பாதத்தில் தேங்கும், பிறகு வயிற்றில், கடைசியில் நெஞ்சில். ஒரு தடவை தவறினாலும் மூச்சு முட்டும், உப்பு ஏறி இதயமே நின்றுபோகலாம் என்று நர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தாள். போன மாதம் பாதையில் மரம் விழுந்து ஒரு நாள் தாமதமானபோது, அவர் படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை அள்ளி அள்ளிக் குடித்ததை அவள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். இன்னொரு தடவை அதைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. இன்று வெள்ளிக்கிழமை. நாளை பதினோரு மணிக்கு மெஷின் அவருக்காகக் காத்திருக்கும்.

ஆனால் மெஷின் இருப்பது கீழே, இவர்கள் இருப்பது மேலே. நடுவில் ஒன்பது கிலோமீட்டர் மண்பாதை, ஏழு கொண்டை ஊசி வளைவு, முடிவில் ஓர் ஓடை. அதற்கு அப்பால்தான் தார் ரோடு. மர அறுவை மில் மூடியபின் லாரிகள் வருவது நின்றுவிட்டது. மேலே இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து மிஞ்சியது மெக்கானிக்கின் பழைய ஜீப் ஒன்றுதான். அது அவரைவிடப் பதினோரு வயது மூத்தது. அக்கம்பக்கத்தில் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். பெரியவர் இன்று இருமுகிறார், பெரியவர் கோபமாக இருக்கிறார் என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஆம்புலன்ஸ்காரர்களிடம் கேட்டாயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறோம், அதுவரை நீங்கள் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாத்தனார் வீடு டவுனில்தான் இருக்கிறது. அங்கே ஒரு மாதம் தங்கிப் பார்த்ததில், இனி செத்தாலும் என் வீட்டில்தான் சாவேன் என்று இவர் சொல்லி, அதற்கு அந்தம்மா ஒன்று சொல்லி, கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இரண்டு மாதமாக வண்டியை ஓட்டியது கொழுந்தன். லீவு முடிந்து வியாழக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "இனிமே நீங்கதான் அண்ணி," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். ஏனென்றால் அவள் ஓட்டிய லட்சணம் அவனுக்குத் தெரியும். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் அவளுக்குப் பதினைந்து நாளில் வசப்பட்டுவிட்டது. ஸ்டியரிங் மட்டும் மசியவில்லை. மெக்கானிக்கின் தோளுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது அது. அவள் இருக்கையின் நுனிக்கு வந்து, முழு உடம்பையும் போட்டுத் தொங்குவாள். அது கொஞ்சம் அசைந்து, போனால் போகிறது என்று கால் வட்டம் திரும்பும். மூன்றாவது வளைவில் அந்தக் கால் வட்டமும் திரும்பாமல், வண்டி நேரே போய் விளிம்புக் கல்லில் மூக்கை வைத்து நின்றது. கொழுந்தன் குறுக்கே பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்திராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

அதற்குத்தான் இந்த பவர் ஸ்டியரிங். ஆயிலின் அழுத்தத்தில் திரும்பும் ஸ்டியரிங், குழந்தைகூடத் திருப்பலாம் என்பார் மெக்கானிக். உடைந்த வேன் ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் பெட்டியும் ஆயில் பம்பும் நாலு மாதமாகச் சாக்கில் சுற்றியபடி ஷெட்டில் கிடந்தன. ஏன் அப்போதே மாட்டவில்லை என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதை மாட்டினால், இனி தான் ஓட்டப்போவதில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அவருக்கு. நாளைக்குப் பார்ப்போம், அடுத்த வாரம் பார்ப்போம் என்று இழுத்து இழுத்துக் கடைசியில் கிடைத்தது இரண்டே நாள். புதன்கிழமை ஆஸ்பத்திரி போய் வந்ததற்கும் சனிக்கிழமை போகவேண்டியதற்கும் நடுவிலுள்ள வியாழனும் வெள்ளியும். மூளை அவருடையது, கை அவளுடையது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை கீழேயிருந்து வெல்டர் மோட்டார் சைக்கிளில் வந்தான். மெக்கானிக்கிடம் தொழில் கற்றவன் இல்லை, ஆனால் அவர்மேல் மரியாதை உள்ளவன். புதிய பெட்டி வண்டியின் அடிச்சட்டமான சேஸின் வெளிப்பக்கம் உட்காரவேண்டியது. வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் தாங்கி இடித்தது. மெக்கானிக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, உள்பக்கம் வை, இடம் இருக்கிறது என்றார். சாக்பீஸை வாங்கித் தரையில் படம் போட்டார். இத்தனை அங்குலம், இந்தக் கோணம், இங்கே ஒரு முட்டு என்று அவர் சொல்லச் சொல்ல வெல்டர் தலையை ஆட்டினான். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பழைய குரல் கேட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சரிங்க சரிங்க என்று சொல்லிப் பழகிவிட்ட குரல் அல்ல, ஷெட்டுக்குள் நாலு பேரை அதட்டி வேலை வாங்கிய குரல்.

அப்போது அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் அந்தப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவும்போது சும்மா அதன் தண்டை வலப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தாள். பெட்டிக்குக் கீழே தொங்குகிற இரும்புக் கைதான் சக்கரத்தைத் தள்ளுவதும் இழுப்பதும். பழைய பெட்டியில் வலப்பக்கம் சுற்றினால் அந்தக் கை முன்னால் போகும். கழற்றும்போது அது அவள் விரலைப் பதம்பார்த்திருந்ததால் நன்றாக நினைவிருந்தது. இதையும் உள்பக்கம் உட்காரப்போகிற வாக்கில் பிடித்துச் சுற்றினாள். கை பின்னால் போனது. இன்னொரு தடவை சுற்றினாள். பின்னால்தான் போனது. அவள் வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரத்தில் வெல்டர், "நீங்க சொன்னா அப்பீல் ஏதுண்ணே," என்றான். மெக்கானிக் சிரித்தார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ரத்தத்தில் கசடு ஏறினால் புத்தியும் மங்கும் என்று சொல்லியிருந்தார்கள். போன வாரம் ஸ்பானரை அரிசி டின்னில் போட்டுவிட்டு அரை நாள் தேடினார். தேதி குழம்பியது. ஒவ்வொன்றாக எல்லாம் அவர் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்க, வண்டி விஷயம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதிலும் வேற்றாள் முன்னால், வண்டி ஓட்டக்கூடத் தெரியாத பெண்டாட்டி குறை சொன்னால் அந்தச் சிரிப்பு என்ன ஆகும்? அவருக்குத் தெரியாததா, பம்ப் வந்தால் மாறுமோ என்னவோ என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெல்டர் பற்றவைத்தான். பழைய ஸ்டியரிங் தண்டை வெட்டி, புதிய பெட்டியோடு இணைத்தான். சாயங்காலத்துக்குள் இறங்கிப் போய்விட்டான்.

இப்போது வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. அவள் வெளியே தவழ்ந்து வந்து, முகத்தைத் துடைத்து, பம்பின் டப்பாவில் ஆயில் ஊற்றினாள். முன்சக்கரம் இரண்டும் ஜாக்கியில் அந்தரத்தில் நின்றன. இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பம்ப் முனகியது, டப்பாவில் நுரை கட்டியது. காற்று வெளியேற இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பு என்றார் மெக்கானிக். அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினாள். அது வெண்ணெயாகத் திரும்பியது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கையை எடுத்துவிட்டு இரண்டு விரலால் சுற்றினாள். அதையும் எடுத்துவிட்டுச் சுண்டு விரலால் சுற்றிக்காட்டி, இதைத்தான் நாலு மாதம் சாக்கில் கட்டி வைத்திருந்தீர்களா என்று கேட்டாள். எட்டு மாதத்தில் அவள் மனம்விட்டுச் சிரித்தது அந்த அரை நிமிஷம்தான்.

"வலது பக்கம் திருப்பு," என்றார் அவர்.

திருப்பினாள்.

"வலதுன்னு சொன்னேன்."

"வலதுதாங்க திருப்பியிருக்கேன்."

வண்டியைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் அவருக்கு வலது இடது குழம்புகிறது என்று நினைத்தாள். நீங்கள் எதிரே இருக்கிறீர்கள், உங்களுக்கு மாறித் தெரியும் என்று மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். சொல்லும்போதே அந்தத் தொனி அவளுக்கே பிடிக்கவில்லை.  அவர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூன்று எட்டு வைத்து நின்று மூச்சு வாங்கி, டயரின் மேல் உள்ளங்கையை வைத்தார். திருப்பு என்று தலையை அசைத்தார். அவள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினாள். டயர் அவர் கையையும் இழுத்துக்கொண்டு இடப்பக்கம் போனது. இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவையும் அப்படியே. இன்ஜினை நிறுத்தச் சொன்னார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கவுத்து வச்சுட்டேன்," என்றார். "உள்பக்கம் வச்சா எல்லாம் எதிர்ப்பக்கமா மாறும். தொழிலுக்கு வந்த மொத வருஷமே படிக்கிற பாடம். பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையால சுத்திப் பாத்திருந்தா போதும்."

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். பழி அவரோடு போயிருக்கும், அவளுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவர் டயரிலிருந்து கையை எடுக்காமல், ஏதோ ஒரு ஆளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நின்றதைப் பார்க்க முடியவில்லை.

"நான் சுத்திப் பாத்தேன்," என்றாள். "நேத்து. வெல்டர் பத்த வைக்கறதுக்கு முன்னாடி."

"சொல்லலையே."

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. "அப்படி நினைக்கல நீ," என்றார். "பாவம்னு விட்டுட்ட."

 அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், தட்டு பறந்திருக்கிறது, நாலு நாள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அதிலெல்லாம் இரண்டு பேரும் சரிசமமாக நின்றுதான் சண்டை போட்டார்கள். பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு தடவைக்கான விலை நாளைக்குப் பதினோரு மணிக்குக் காத்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

போன் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் மேல் மட்டும்தான். ஏறி நின்று வெல்டரைக் கூப்பிட்டாள். அவன் பதறிப்போனான். பற்றவைத்த தகட்டை வெட்டி எடுத்து, ஸ்பிரிங் தாங்கியைத் தள்ளி வைத்து, வெளிப்பக்கம் மாட்டிக்கொடுக்க இரண்டு நாளாவது ஆகும் என்றான். அதுவும் அவன் மேலே வந்து சேர்ந்தால்தான். பழைய பெட்டியையே திரும்ப மாட்டலாம் என்றால் அதன் தண்டை நேற்றே வெட்டியாயிற்று. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் இப்போதே முழங்கால் தண்ணீர், இன்னும் ஒரு மணி நேரத்தில் மோட்டார் சைக்கிள் இறங்காது என்றான். ஆம்புலன்ஸ்காரர்களும் பழைய பல்லவியைத்தான் பாடினார்கள். கட்டிலில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்றால் தூக்க ஆள் வேண்டும். பன்னிரண்டு வீட்டில் ஏழு பூட்டிக் கிடந்தது. மிச்ச வீடுகளில் இருந்தவர்கள் தங்களையே தூக்கிக்கொண்டு நடக்கச் சிரமப்படுகிறவர்கள். நனைந்துபோய் ஷெட்டுக்குத் திரும்பி வந்தவள், அந்த இரும்புக் கையையாவது மேல்நோக்கி மாட்டினால் திசை மாறாதா என்று கேட்டாள். அவர் அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். மாறும், ஆனால் மட்கார்டில் இடிக்கும், சக்கரத்துக்குப் போகும் கம்பியும் எட்டாது என்றார். அவரும் அதைத்தான் அத்தனை நேரம் யோசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

மழை தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. அவர் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வாங்கும். இன்னும் இருபது மணி நேரம் இருக்கிறது, அதற்குள் அந்தத் தண்ணீர் எங்கே வரை ஏறும் என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

"அப்படியே ஓட்டினா என்ன?" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அடங்கிய பிறகு அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் ஏறி, தோல் உரிந்து கிடந்த கைகள்.

"நான் ஓட்டினா மொத வளைவுலயே ரெண்டு பேரும் காலி," என்றார். "இத்தனை வருஷப் பழக்கம், சொன்னா கேக்காது. உன் கைக்குத்தான் இன்னும் ஒண்ணும் தெரியாது."

வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் மரத்தடிகள் அடுக்கும் மைதானம் ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் இறங்கிய ஐந்தாவது நிமிஷம் அவள் தண்ணீர் டிரம் ஒன்றை நசுக்கினாள். அடுத்து, துணி காயப்போடும் கம்பத்தைச் சாய்த்தாள். வலதுக்கு இடது, இடதுக்கு வலது என்று மனதுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டாள். மனது சொல்லி முடிப்பதற்குள் வண்டி எங்கேயோ போயிருந்தது. ஷெட் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மெக்கானிக், வலது இடது என்ற சொல்லையே இனி எடுக்காதே என்று கத்தினார். வண்டி போகவேண்டியது மலைப்பக்கமா பள்ளத்துப்பக்கமா, அதை மட்டும் நான் சொல்வேன், கை என்ன செய்யவேண்டும் என்பது உன் பாடு.

நாலு மணி வாக்கில், களைத்துப்போய் ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தை ஒரு கையால் சும்மா பிடித்தபடி ஓட்டியபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அடியில் பிடித்துக்கொண்டால், எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினாலே போதும். வண்டி கையின் பின்னாலேயே வந்தது. மனதுக்குள் எதையும் மாற்றவேண்டியதில்லை. மரத்தடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மூன்று சுற்று வந்தாள். அவர் குடையைத் தாழ்த்திவிட்டு மழையில் நின்று பார்த்தார். இது எனக்குத் தோன்றியிருக்காது என்றார்.

ஆனால் கொண்டை ஊசி வளைவுக்கு அது போதாது. அங்கே இரண்டரைச் சுற்று சுற்றவேண்டும், சுற்ற ஆரம்பித்தால் அடி எது முடி எது என்று தெரியாது. அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். பவர் ஸ்டியரிங்கில் நின்ற இடத்திலேயே திருப்பலாம். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை முழுதாக நிறுத்து. சுற்று. தலையை வெளியே நீட்டி டயர் எங்கே பார்க்கிறது என்று பார். அப்புறம் பிரேக்கை விடு. வளைவு முடியும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதே, சக்கரம் பாதி தானாகவே நேராகிவிடும். இன்ஜின் மட்டும் நிற்கவே கூடாது, நின்றால் பம்ப் நின்றுவிடும், ஸ்டியரிங் பழையதைவிடக் கனமாகிவிடும். இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

"இறங்கும்போது ஏழு வளைவும் பள்ளத்துப்பக்கம்தான் திரும்பணும்," என்றார். "பயந்தா யாரோட கையும் மலைப்பக்கம்தான் போகும். இந்த வண்டில அப்படிப் போச்சுன்னா நேரா பள்ளம். நடுவுல எங்கயும் பயந்துடாத."

இரவு முழுவதும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். காலை ஆறு மணிக்கு உதடு நீலம் பூத்திருந்தது. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வண்டி வரைக்கும் வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தார். மழை தூறலாகக் குறைந்திருந்தது. இருக்கையில் ஏற்றி, முதுகுக்குத் தலையணை வைத்து, பெல்ட்டைப் போட்டுவிட்டாள். அவள் சுற்றிக்கொண்டு வந்து தன் இடத்தில் ஏறியதும், தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"கையைக் கட்டிடு."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். இடது கையில் மெஷின் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்த நரம்பு புடைத்து நின்றது, அதைக் கட்டக்கூடாது. வலது கைதான் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது.

"வளைவு வந்தா அது சும்மா இருக்காது," என்றார். "பாஞ்சு பிடிச்சுத் திருப்பிடும். பழைய பக்கம்."

அவள் கட்டினாள். முன்னால் பிடித்துக்கொள்வதற்காக இருந்த கம்பியில் அவருடைய மணிக்கட்டைச் சேர்த்து இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். தளர்வாக இருக்கிறது, இன்னும் இறுக்கு என்றார். இறுக்கினாள். இந்தக் கைதான் அவளுடைய கையைப் பிடித்து இந்த வீட்டுக்கு அழைத்துவந்தது என்ற நினைப்பு எழுந்தது. அழுதால் கண் மறைக்கும் என்று அழவில்லை.

முதல் வளைவு எளிதாக முடிந்தது. நிறுத்தினாள், மலைப்பக்கம் சுற்றினாள், தலையை நீட்டிப் பார்த்தாள், டயர் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பிரேக்கை விட்டதும் வண்டி மூக்கைத் தாழ்த்தி, கீழ்ப்பாதைக்கு ஒழுங்காக இறங்கியது. நேராக்கும்போது மட்டும் ஒரு தடவை கை பிசகி, சக்கரம் விளிம்புச் சேற்றில் ஒரு முழம் வழுக்கிவிட்டுத் திரும்பியது. வண்டி மலைப்பக்கம், மலைப்பக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது வளைவில் இன்ஜின் நின்றுவிடும்போல் திணறியது, ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காப்பாற்றினாள். மூக்கை வைத்து நின்ற அந்த மூன்றாவது வளைவில் அவள் கை தானாகவே அடியைப் பிடித்துக்கொள்ளத் தேடியது. சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் பக்கவாட்டில் அதைக் கவனித்தாள். அவள் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் சுற்றச் சுற்ற, கட்டிய கை கம்பியை எதிர்ப்பக்கம், பள்ளத்துப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. துண்டு விறைத்து, முடிச்சு கம்பியில் கிறீச்சிட்டது. அவர் சொன்னது சரிதான். கட்டியிராவிட்டால் அந்தக் கை ஸ்டியரிங்கில் பாய்ந்திருக்கும்.

முதலில் அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் சுற்றும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும். நாலாவது வளைவில் எரிச்சல் போய்விட்டது. ஐந்தாவது வளைவுக்கு வரும்போது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். மலைப்பக்கம் என்றும் சொல்லவில்லை, பள்ளத்துப்பக்கம் என்றும் சொல்லவில்லை. இன்ஜின் சத்தத்தில் அவர் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. பாதையிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஓரக்கண்ணில் தெரிந்தது கம்பியும் துண்டும் மட்டுமே. அவள் சுற்றினாள், துண்டு எதிர்ப்பக்கம் இழுத்தது. இழு, நல்லா இழு என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆறாவது வளைவிலும் இழுத்தது, ஆனால் முன்போல் விறைக்கவில்லை.

ஏழாவது வளைவில் மரங்களுக்கு இடையே ஓடை தெரிந்தது. கலங்கிய தண்ணீர் பாறைகளை மூடி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் இதைவிடப் பெரிய தண்ணீரையெல்லாம் தாண்டியவர், அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வண்டியை நிறுத்தினாள். மலைப்பக்கம் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. துண்டு தொய்ந்து கிடந்தது.

"ஏங்க," என்றாள். "இது மலைப்பக்கமா, பள்ளத்துப்பக்கமா?"

அவளுக்குத் தெரியும். ஏழு வளைவும் பள்ளத்துப்பக்கம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் கேட்டாள், இன்னொரு தடவை உரக்கக் கேட்டாள். தூறல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த அரைச் சுற்றையும் சுற்றி, தலையை வெளியே நீட்டி டயரைப் பார்த்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி குழியில் இறங்கிக் குலுங்கித் திரும்பியது. எதிர்க்கரையில் வெள்ளை வண்டியின் சிவப்பு விளக்கு மழைக்குள் சுழன்றுகொண்டிருந்தது. கம்பியில் கட்டியிருந்த துண்டு, அவர் இழுத்தோ, வண்டி குலுங்கியோ, ஒரு விரற்கடை பள்ளத்துப்பக்கம் நகர்ந்தது.